கண்ணுக்குள் புகுந்த இரும்பு

உளியின் தலையில் சுத்தியல் இறங்கும்போது தெறிக்கும் எஃகுத் துணுக்கு பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டாது. ஆனால் வேகம் அதிகம், விளிம்பும் கூர்மை. கருவிழியையோ கண்ணின் வெள்ளைப் பகுதியையோ துளைத்துக்கொண்டு அது உள்ளே போகும்போது உண்டாகும் காயம், சில நேரம் தையல்கூட வேண்டாத அளவுக்குத் தானே மூடிக்கொள்கிறது. வேலை செய்தவருக்குச் சுரீரென்று ஒரு குத்தல். கொஞ்சம் நீர் வடியும். முகத்தைக் கழுவிவிட்டு மறுபடி உளியைப் பிடிப்பார். துணுக்கு உள்ளே, விழித்திரைக்கு முன்னால் இளநுங்கைப் போலத் தெளிவாக நிறைந்திருக்கும் விட்ரியஸ் என்ற கூழில் தங்கிவிடும். மாதங்கள் கழித்து இருட்டில் பார்வை மங்கத் தொடங்கும். கண்மணி விரிந்தபடியே நிற்கும். அதைச் சுற்றியுள்ள ஐரிஸ் துருவின் நிறத்துக்கு மாறும். அன்றைக்கு உளி பிடித்த நிமிடத்தை அவர் மறந்தே போயிருப்பார். இந்தக் காயத்தின் மருத்துவ வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாகக் காந்தத்தை நாயகனாக வைத்து எழுதுகிறார்கள். சின்னக் காந்தம், மின்காந்தம், ராட்சதக் காந்தம் என்று வலிமை கூடக்கூட வெற்றியும் கூடியதாக அந்தக் கதை போகும். சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. துணுக்கு எங்கே இருக்கிறது, எதனால் ஆனது, எந்த வழியாக வெளியே வரும் என்று கேட்டுப் பதில் தேடியவர்களின் உழைப்புதான் கண்களைக் காப்பாற்றியது. அந்தப் பதில்கள் கையில் இல்லாத காலத்தில் காந்தத்தின் வலிமை பல கண்களைக் கிழித்திருக்கிறது.

கதை பொதுவாக ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில், 1624-ஆம் ஆண்டில் தொடங்கும். ஃபாப்ரிசியஸ் ஹில்டானுஸ் என்று அறியப்பட்ட அறுவை மருத்துவர் வில்ஹெல்ம் ஃபாப்ரியிடம் ஒருவர் கண்ணில் எஃகுத் துணுக்கு குத்திய நிலையில் வந்தார். ஃபாப்ரி தன் கருவிகளால் முயன்று தோற்றார். அவருடைய மனைவி மாரி கோலினே ஒரு வழி சொன்னார்: இமைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு காந்தக் கல்லைக் கண்ணருகே கொண்டுபோவது. துணுக்கு வெளியே வந்தது. ஃபாப்ரி இந்த யோசனை தன் மனைவியுடையது என்று தன் நூலில் எழுதிவைத்தார். தானும் மருத்துவச்சியாகவும் அறுவை மருத்துவராகவும் பணிபுரிந்த ஒரு பெண்ணுக்கு அந்தக் காலத்தில் கிடைத்த அபூர்வமான நேர்மை அது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் துணுக்கு கருவிழியின் மேற்பரப்பில், கண்ணுக்குத் தெரியும்படி குத்தி நின்றது. எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கும் எந்த வழியாக வரும் என்ற கேள்விக்கும் பதில் ஏற்கெனவே கிடைத்திருந்ததால்தான் காந்தத்தால் மிச்ச வேலையை முடிக்க முடிந்தது.

இதைவிட மிகப் பழைய சான்று சுஸ்ருத சம்ஹிதையில் இருக்கிறது. உடலில் தைத்த அம்பு முதலான அந்நியப் பொருள்களை நீக்கப் பதினைந்து வழிகளை அந்நூல் அடுக்குகிறது. முதல் வழி இயற்கையின் போக்கு. கண்ணில் விழுந்தது கண்ணீரோடு தானே வந்துவிடுவது அதில் அடங்கும். பதினான்காவது வழி காந்தம். காந்தத்தை எப்போது பயன்படுத்தலாம் என்பதற்கு அது நான்கு நிபந்தனைகள் வைக்கிறது: பொருள் போன திசையிலேயே நேராகக் கிடக்க வேண்டும், எதிலும் இறுகச் சிக்கியிருக்கக் கூடாது, முள்ளோ கொக்கியோ இருக்கக் கூடாது, காயத்தின் வாய் அகலமாக இருக்க வேண்டும். இது கண்ணுக்கென்று சொன்ன விதி இல்லை. பொதுவாக உடலுக்குச் சொன்னது. ஆனாலும் இதைச் சொன்னவருக்குக் காந்தம் இழுக்கும் என்பதோடு, அந்த இழுப்பு எப்போது தீங்காக முடியும் என்பதும் தெரிந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பா இந்த நான்கு நிபந்தனைகளையும் பல கண்களைப் பலிகொடுத்துத் திரும்பக் கற்றுக்கொண்டது.

பெர்னுக்குப் பிறகு இரண்டு நூற்றாண்டுகள் இந்தத் துறை பெரிதாக நகரவில்லை. விழிக்கோளத்தின் உட்புறத்தை உயிருள்ள மனிதரிடம் பார்க்க வழியே இல்லை. 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண் உட்காட்டியைச் செய்யும்வரை அது இருண்ட அறைதான். பார்க்க முடியாத இடத்தில் கை வைக்கப் பெரும்பாலோர் துணியவில்லை. இதோடு இன்னொரு அச்சமும் இருந்தது. ஒரு கண்ணில் ஆழமான காயம் பட்டால், சில வாரங்களிலோ மாதங்களிலோ அடிபடாத மறு கண்ணும் வீங்கிச் சிவந்து பார்வை இழப்பது உண்டு. கிளாஸ்கோ நகரின் வில்லியம் மெக்கன்சி 1830-இல் வெளியிட்ட கண் மருத்துவ நூலில் இதை விளக்கமாக எழுதினார். காயத்தால் வெளிப்பட்ட கண் திசுக்களுக்கு எதிராக உடலின் சொந்த நோய் எதிர்ப்பாற்றலே கிளம்பி இரண்டு கண்களையும் தாக்குகிறது என்று இன்று புரிந்துகொள்கிறோம். 1812-இல் அப்பாவின் தோல் பட்டறையில் ஊசி குத்தி ஒரு கண்ணை இழந்த மூன்று வயதுக் குழந்தை லூயி பிரெயில், ஐந்து வயதுக்குள் மறு கண்ணையும் இழந்ததற்கு இதுவே காரணமாக இருந்திருக்கலாம் என்று பின்வந்த மருத்துவர்கள் கருதுகிறார்கள். இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட தீர்வு கொடூரமானது, ஆனால் அன்றைய அறிவுக்கு நியாயமானது: அடிபட்ட கண்ணை முழுதாக எடுத்துவிடுவது. பிரிஸ்டல் நகரின் அகஸ்டின் பிரிச்சர்ட் 1851-இல் மறு கண்ணைக் காக்க இப்படிச் செய்ததைப் பதிவு செய்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் அது வழக்கமாயிற்று. ரயில் பாதைகள், கொதிகலன் பட்டறைகள், சுரங்கங்கள் என்று எஃகை எஃகால் அடிக்கும் வேலை பெருகிய அதே காலத்தில்தான் இது நடந்தது. தொழிலாளிக்குக் கிடைத்த மருத்துவம் ஒற்றைக் கண்.

காந்தம் விழிக்கோளத்துக்குள்ளேயே இறங்கியது இந்தச் சூழலில்தான். 1842-இல் ஜெர்மனியின் மின்டன் நகரில் மெயர் என்ற மருத்துவர், விழியின் உள்ளே போன இரும்பைக் காயத்தின் வழியாகவே காந்தத்தால் எடுத்தார். 1874-இல் பெல்ஃபாஸ்ட்டின் மெக்கியோன் காந்தத்தின் முனையை விட்ரியஸுக்குள்ளேயே செலுத்தினார். அதே பத்தாண்டின் இறுதியில் பெர்லினின் யூலியுஸ் ஹிர்ஷ்பெர்க் கையில் பிடிக்கும் மின்காந்தத்தை உருவாக்கினார். 1885-இல் கண் மருத்துவத்தில் மின்காந்தம் பற்றித் தனி நூலே வெளியிட்டார். கண் மருத்துவத்தின் முழு வரலாற்றையும் பல தொகுதிகளாக எழுதி, பழைய இந்தியர்களின் கண் மருத்துவத்துக்கும் அதில் இடம் கொடுத்தவர் இவரே. 1892-இல் சூரிச்சின் ஓட்டோ ஹாப் ராட்சதக் காந்தத்தைக் கொண்டுவந்தார். நோயாளி அதன் முன் உட்கார்ந்து கண்ணை முனைக்கு நேரே கொண்டுவர வேண்டும். விழியைக் கீறாமலே, வெளியிலிருந்தே துணுக்கைப் பின்னாலிருந்து லென்ஸைச் சுற்றி முன்னறைக்கு இழுத்து, கருவிழியில் ஒரு சிறு வெட்டு வழியே எடுத்துவிடலாம் என்பது திட்டம். இந்த இருவர் வழிகளுக்கும் இடையே பல ஆண்டுகள் வாதம் நடந்தது.

இங்கே என் வாதத்துக்கு நேரான மறுப்பு எழும். எக்ஸ்ரே வருவதற்கு முன்பே ஹிர்ஷ்பெர்க்கும் ஹாபும் எத்தனையோ கண்களை மீட்டார்களே, அங்கே வென்றது காந்தத்தின் வலிமைதானே என்று கேட்கலாம். மீட்டார்கள் என்பது உண்மை. அவர்கள் இல்லாவிட்டால் அந்தக் கண்களை வெட்டி எடுத்திருப்பார்கள். ஆனால் அந்த இருவர் எதற்காக வாதாடினார்கள் என்று பாருங்கள். ஹிர்ஷ்பெர்க்கின் சிறு காந்தம் துணுக்குக்கு மிக அருகே போனால்தான் இழுக்கும். ஆகவே இடம் தெரியாமல் கீறக் கூடாது. ஹாபின் ராட்சதக் காந்தத்துக்கு இடம் தெரிய வேண்டியதில்லை. அதுவே அதன் பெருமை, அதுவே அதன் ஆபத்து. சுழன்று பாயும் கூர்மையான எஃகு போகிற வழியில் விழித்திரையைக் கிழித்தது, லென்ஸைக் குத்தியது, ஐரிஸின் பின்னால் சிக்கி அதைப் பிய்த்தது. மின்சாரத்தை முழு வேகத்தில் விடாமல் சிறிது சிறிதாக விட்டு, நோயாளியின் தலையைத் திருப்பித் திருப்பி, துணுக்கு நகரும் பாதையைக் கட்டுப்படுத்த மருத்துவர்கள் கற்றுக்கொண்டது இதனால்தான். ராட்சதக் காந்தம் இன்னொரு வேலைக்கும் பயன்பட்டது: மின்சாரத்தை விட்டவுடன் நோயாளிக்கு வலித்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று பொருள். வலியைச் சான்றாகக் கொள்ளும் அளவுக்கு அவர்கள் இருட்டில் இருந்தார்கள். அதே ஆண்டுகளில் ப்ரெஸ்லாவின் அஸ்முஸ், கண்ணருகே கொண்டுபோனால் உள்ளிருக்கும் இரும்புக்கு அசையும் நுண்ணிய காந்த ஊசிக் கருவி ஒன்றைச் செய்தார். அது எதையும் இழுக்காது. இரும்பு இருக்கிறதா, எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லும். இழுக்கத் தெரிந்தவர்களே இப்படி ஒரு கருவியைத் தேடியது, அவர்களுக்கு இல்லாதிருந்தது எது என்பதைக் காட்டுகிறது.

1895 நவம்பரில் ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டார். கண் மருத்துவர்கள் அதைப் பற்றிக்கொண்ட வேகம் வியப்பானது. ஆனால் வெறும் எக்ஸ்ரே படம் போதவில்லை. உலோகத்தின் நிழல் தெரியும். அது விழிக்குள் இருக்கிறதா, விழிக்குப் பின்னால் கொழுப்பில் இருக்கிறதா என்று தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஃபிலடெல்ஃபியாவின் ஸ்வீட், கண்ணுக்கு அருகே தெரிந்த தூரத்தில் இரண்டு உலோகக் குறிகளை நிறுத்தி, இரண்டு கோணங்களில் படமெடுத்து, நிழல்களின் இடைவெளியிலிருந்து துணுக்கின் இடத்தைக் கணக்கிட்டார். லண்டனில் மெக்கன்சி டேவிட்சன், எக்ஸ்ரே குழாயை நகர்த்தி எடுத்த இரு படங்களின் மேல் நூல்களை இழுத்துக் கட்டி, அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியில் துணுக்கைக் கண்டார். 1927-இல் காம்பெர்க், ஈயப் புள்ளிகள் பதித்த ஒரு காண்டாக்ட் லென்ஸைக் கண்ணில் வைத்துப் படமெடுத்தார். குறி கண்ணோடு சேர்ந்தே அசையும் என்பதால் பிழை குறைந்தது. வடிவியல் பாடத்தில் வரும் எளிய கணக்குகள்தாம் இவை. எந்த இடத்தில், எத்தனை மில்லிமீட்டர் ஆழத்தில் என்று தெரிந்த பிறகு, துணுக்குக்கு மிக நெருக்கமான இடத்தில் வெள்ளைவிழியைக் கீறிச் சிறு காந்தத்தால் எடுப்பது சாத்தியமாயிற்று. ராட்சதக் காந்தங்கள் மெல்ல மெல்லப் பின்னுக்குப் போயின.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. கண்ணைக் காப்பாற்றியது கிருமிநீக்கமும் மரத்துப்போகச் செய்யும் மருந்தும்தான் என்பது அது. 1867-க்குப் பிறகு லிஸ்டரின் கிருமிநீக்க முறை பரவியது. 1884-இல் கார்ல் கொல்லர் கொகெயின் சொட்டு கண்ணை மரக்கச் செய்யும் என்று காட்டினார். இவை இல்லாமல் விழியைத் திறந்திருக்கவே முடியாது. இன்றும் மண் ஒட்டிய துணுக்கு உள்ளே போனால், பேசிலஸ் போன்ற கிருமிகள் ஒரே நாளில் கண்ணை அழித்துவிடும். அதற்கு எதிராகக் கண்ணுக்குள்ளேயே ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிருமி மட்டுமே எதிரி என்றால், சுத்தமான துணுக்கு உள்ளே தங்கிய கண்கள் ஏன் குருடாயின? இந்தக் கேள்வியை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போனவர் தியடோர் லேபர். கிருமி நீக்கிய உலோகத் துண்டுகளை அவர் முயல்களின் கண்களில் வைத்துப் பார்த்தார். செம்பு வைத்த கண்ணில் ஒரு கிருமியும் இல்லாமலே சீழ் பிடித்தது. தங்கம், வெள்ளி, கண்ணாடி ஆகியவற்றைக் கண் பெரிதும் பொறுத்துக்கொண்டது. 1891-இல் அவர் வெளியிட்ட நூல், வேதிப்பொருள்களே வெள்ளை அணுக்களை ஈர்த்து அழற்சியைத் தொடங்கிவைக்கும் என்று நிறுவியது. கண்ணைத் தாண்டிப் பொது மருத்துவத்துக்கே அது அடிப்படையாயிற்று. இரும்பின் வழி வேறு. அது உடனே கிளர்ச்சி செய்யாது. மெல்லக் கரைந்து அயனிகளாக விழித்திரையிலும் லென்ஸிலும் படிந்து ஒளி உணரும் செல்களைக் கொல்லும். துருநோய் என்று சொல்லத்தக்க இந்த நிலைக்கு 1890-இல் புங்கே பெயரிட்டார். ஆக, ஒரே அளவுள்ள மூன்று துணுக்குகள் ஒரே இடத்தில் இருந்தாலும், ஒன்றைச் சில மணி நேரத்தில் எடுக்க வேண்டும், ஒன்றுக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு, ஒன்றைத் தொடாமல் விடுவதே நல்லது என்ற நிலை உருவாயிற்று. இதை எந்தக் காந்தமும் சொல்லித் தராது. காந்தத்துக்கு இரும்பு, நிக்கல் மாதிரியான சிலவற்றைத் தவிர எதுவும் தெரியாது. செம்பு, பித்தளை, அலுமினியம், கல், கண்ணாடி ஆகியவற்றுக்கு முன்னால் அது வெறும் கட்டை.

காந்தத்துக்குக் கட்டுப்படாத துணுக்குகளுக்கு விடை 1970-இல் மயாமியில் கிடைத்தது. ராபர்ட் மாக்கெமர் கண்ணின் பக்கவாட்டிலிருந்து நுண்ணிய கருவியைச் செலுத்தி, விட்ரியஸ் கூழை வெட்டி உறிஞ்சி, அதன் இடத்தில் உப்புநீரை நிரப்பும் அறுவையைச் செய்துகாட்டினார். நுண்நோக்கியில் நேராகப் பார்த்துக்கொண்டே, துணுக்கைச் சுற்றியுள்ள இழைகளை விடுவித்து, இடுக்கியால் பிடித்து எடுக்க முடிந்தது. துணுக்கின் இடத்தைக் காட்டவல்ல சி.டி. ஸ்கேன் அதற்கு அடுத்த ஆண்டு மனிதரிடம் முதன்முதலாகப் பயன்பட்டது. சுஸ்ருதர் கேட்ட நான்கு நிபந்தனைகளில் சிக்கியிருக்கக் கூடாது என்பதை அறுவையே உண்டாக்கித் தந்தது. இன்றைய கருவிகளின் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். காந்தம் இன்னும் இருக்கிறது. பார்வைக்கு எட்டிய துணுக்கைத் தூக்கித் தரும் உதவியாளாக.

எதனால் ஆனது என்ற கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதே துறையில் இன்னொரு சான்று உண்டு. 1940 ஆகஸ்ட் 15 அன்று பிரிட்டிஷ் போர் விமானி கார்டன் கிளீவரின் விமானம் சுடப்பட்டது. விமானி அறையின் மேல்மூடியான பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் நொறுங்கி அவருடைய இரு கண்களிலும் பாய்ந்தது. ஒரு கண் போயிற்று. மறு கண்ணில் துணுக்குகள் தங்கின. லண்டனின் கண் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி இப்படிப்பட்ட விமானிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, பெர்ஸ்பெக்ஸ் துணுக்கைச் சுற்றிக் கண் அமைதியாக இருப்பதைக் கண்டார். கண்புரைக்காக எடுத்த லென்ஸுக்குப் பதிலாக அதே பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து வைக்கலாமே என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1949 நவம்பர் 29 அன்று செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அந்த அறுவையைத் தொடங்கினார். இதைப் போரின் விபத்து தந்த அதிர்ஷ்டம் என்று சொல்வது வழக்கம். என் வாதத்துக்கு மூன்றாவது மறுப்பும் அதுதான். ஆனால் பெர்ஸ்பெக்ஸ் துணுக்கைக் கண்ட மருத்துவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். கண்ணுக்குள் கண்ணாடி லென்ஸ் வைக்கும் ஆசையும் புதிதல்ல. 1795 வாக்கில் ட்ரெஸ்டனில் கசமாத்தா வைத்துப் பார்த்தார், கனமான கண்ணாடி விழியின் அடியில் போய் விழுந்தது. கண் எதைப் பொறுக்கும், எதைப் பொறுக்காது என்று கேட்டுப் பழகிய ஒரு துறைக்குள் அந்த விமானிகள் வந்ததால்தான் விபத்து சான்றாக மாறியது. எதிர்ப்பும் கடுமையாகவே இருந்தது. வாழ்நாள் முழுவதும் கண்ணிலிருந்து அந்நியப் பொருளை எடுத்தே பழகியவர்களுக்கு, ஒரு மருத்துவர் வேண்டுமென்றே ஒன்றை உள்ளே வைப்பது பொறுப்பற்ற செயலாகப் பட்டது. அன்றைய பிரிட்டிஷ் கண் மருத்துவத்தின் பெருந்தலைவர் ஸ்டூவர்ட் ட்யூக்-எல்டரே ஆதரிக்கவில்லை. அவர்களுடைய அச்சம் மூடத்தனம் ஆகாது. நூறு ஆண்டு அனுபவம் அது. ஆனால் அந்த அனுபவம் இரும்பிலும் செம்பிலும் கற்றது. அதைப் பெர்ஸ்பெக்ஸுக்கும் நீட்டியதுதான் பிழை. மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தை நிறுவி இந்த லென்ஸை இங்கேயே செய்யத் தொடங்கியது. நூறு டாலர் அளவில் விற்ற பொருள் பத்து டாலரை ஒட்டி இறங்கியது. நம் கிராமங்களில் புரை அறுவை முடிந்து வீடு திரும்பும் பாட்டிகளின் கண்ணில் இருப்பது, பொறுத்துக்கொள்ளத்தக்கது என்று ஆராய்ந்து அறியப்பட்ட ஓர் அந்நியப் பொருள்.

காந்தத்தைப் பற்றி ஒரு கடைசிச் சான்று. 1986-இல், கண்ணில் இரும்புத் துணுக்கு இருப்பதை அறியாமலே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக்கொண்ட ஒருவருக்கு, அந்தக் கருவியின் காந்தப்புலம் துணுக்கை அசைத்து உள்ளே ரத்தம் கசிந்து பார்வை போனது மருத்துவ இதழில் பதிவாயிற்று. ஹாப் கண்ணை மீட்கப் பயன்படுத்திய அதே விசை, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காததால் கண்ணை எடுத்துவிட்டது. ஸ்கேன் அறைக்குள் போகும் முன் கண்ணில் எப்போதாவது உலோகம் பட்டதா என்று கேட்கும் வழக்கம் இத்தகைய நிகழ்வுகளால் உறுதிப்பட்டது.

ஆகவே பட்டறையில், கட்டட வேலையில், அம்மி கொத்துகையில், கிரைண்டர் பிடிக்கையில் கண்ணில் ஏதோ தெறித்ததாகத் தோன்றினால், வலி குறைந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். கசக்க வேண்டாம், அழுத்த வேண்டாம், தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விட வேண்டாம். அழுத்தாத மறைப்பு ஒன்றைக் கண்ணின் மேல் வைத்துக்கொண்டு அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே முதலில் சொல்ல வேண்டியது எதை எதனால் அடித்தீர்கள் என்பது: இரும்பின் மேல் இரும்பா, கல்லின் மேல் உளியா, செம்புக் கம்பியா. எக்ஸ்ரேயும் ஸ்கேனும் அதற்குப் பிறகு வரட்டும். வேலை கொடுப்பவர்கள் ஆளுக்கொரு பாலிகார்பனேட் கண்ணாடி வாங்கித் தந்து, அதைப் போடாமல் யாரையும் உளி தொட விடாதீர்கள்.